வெள்ளைப் பின்னணி

ஐப்பசி இரண்டாம் ஞாயிறு.
கடைக் கதவில் ‘இன்று விடுமுறை’ மாட்டிவிட்டுச்
செவ்வாய்ப்பேட்டையைத் தாண்டும்போது
மணி ஐந்தே கால்.

பத்தொன்பது வருஷமாக நான் எடுப்பது முகம்.
மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டர்.
இரண்டு காதும் தெரியணும், சிரிக்கக் கூடாது,
பின்னால் வெள்ளை.
இன்றைக்கு ஒரு முகமும் வேண்டாம் என்றேன்.
பூங்கோதை கியர் மாற்றினாள்.
“என் முகமுமா?”

கோரிமேட்டு வழியில் இருபது கொண்டை ஊசி,
வளைவுக்கொரு பலகை, பலகைக்கொரு கூட்டம்.
நாங்கள் அயோத்தியாப்பட்டணம் சுற்றிக்
குப்பனூரில் ஏறினோம்.
மலைக்கும் கொல்லைப்புறம் உண்டு.
அங்கேதான் அது பாத்திரம் கழுவுகிறது:
நேற்றைய மழை
பாறைக்குப் பாறை வழிந்துகொண்டிருந்தது.

வெளிநாட்டுக் காலண்டர்களில் இந்த மாதம்
மரம் மரமாய்த் தீப்பிடித்திருக்கும்.
இங்கே சில்வர் ஓக் இலையைத் திருப்பிக் காட்டும்,
அவ்வளவுதான்.
சிவப்பு வேண்டுமென்றால் குனிய வேண்டும்.
காப்பிச் செடியில் கொத்துக்கு இரண்டு பழம்,
தடுப்புக் கம்பியின் துரு,
உண்ணிமுள் கிழித்த என் கணுக்கால்.

லென்ஸைத் துடைத்தேன்.
ஈரம் படிந்தது.
மறுபடி துடைத்தேன்.
எண்பது படம்.
எண்பதிலும் மலை
யாரோ அதட்டி உட்கார வைத்த மாதிரி,
காது தெரிய, சிரிக்காமல்.

கொட்டச்சேட்டுக்கு முன்னால் ரோடு முடிந்துவிட்டது.
ராத்திரி சரிந்த மண்.
அதன்மேல் வேரோடு ஒரு பலாமரம்.
ஜேசிபி வர ரெண்டு மணி நேரமாகும் என்றார்
பால்கேன் வண்டியை ஓரங்கட்டியிருந்த பொன்னாண்டி.
என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
“இதுல பாஸ்போர்ட் சைஸ் வருங்களா?”

பின்சீட்டில் மகள் நிரோஷினி,
மடியில் பிளாஸ்டிக் பைல்.
நர்சிங் விண்ணப்பம், இன்றைக்குக் கடைசி.
போட்டோ எடுக்க ஏற்காட்டுக்குப் போகிற வழியில்
மரம் படுத்துக் கிடக்கிறது.
ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச்
சிரித்தாள் பூங்கோதை.

வெள்ளைத் துணி இல்லை.
சீட் உறை கட்டம் போட்டது.
என் துண்டு ஈரிழை, ஓரமெல்லாம் பச்சை.
கடைசியில் அந்தப் பெண்தான்
ரோட்டின் விளிம்பைக் காட்டினாள்.
“அங்க ஒண்ணுமே இல்லீங்களே.”

ஒன்றுமே இல்லை.
கீழே இருந்தாக வேண்டிய சேலம் இல்லை.
வெள்ளைக்கல் குழிகள் இல்லை, மூக்கனேரி இல்லை,
என் கடை இல்லை.
பள்ளத்திலிருந்து வானம் வரைக்கும்
ஒரு சுருக்கம் விழாமல், ஒரு நிழல் படாமல்
நான் எந்தச் சுவரிலும் கட்டிப் பார்த்திராத வெள்ளை.

காதுமேல் முடியைத் தள்ளு என்றேன்.
தாடையைக் கொஞ்சம் இறக்கு.
சிரிக்காதே.
அவள் சிரிக்கவில்லை.
என் முதுகுக்குப் பின்னால்
மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது
பொன்னாண்டிதான்.

மூன்றாவது கிளிக்கில் காற்று வீசியது.
அவள் வலது தோளுக்கு மேல்
மஞ்சு கிழிந்து
வெகு கீழே, வெயில் விழுந்த
ஒரே ஒரு வயல்.
உடனே மூடிக்கொண்டது.

அந்தப் படம் விண்ணப்பத்துக்கு ஆகாது.
முதலாவதைச் சுருக்கி, ஐம்பது கேபிக்குள் அடக்கி,
சிக்னல் கிடைக்கிற பாறையில் ஏறி நின்று
மூன்றாம் முயற்சியில் அனுப்பினாள்.
எவ்வளவுங்க என்றார்.
கடை ரேட் நாற்பது என்றேன்.
கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.

ஜேசிபி நாலு மணி நேரம் கழித்து வந்தது.
அதற்குள் நாங்கள் வண்டியைத் திருப்பியிருந்தோம்.

“கடைசி வரைக்கும் என்னை எடுக்கவே இல்லை”
என்றாள் பூங்கோதை, அடிவாரம் நெருங்கும்போது.
கேமராவைத் தூக்கினேன்.
ரோட்டைப் பார், சிரிக்காதே என்றேன்.
சிரித்துவிட்டாள்.
பள்ளம் ஒன்று வண்டியைத் தூக்கிப் போட்டது.

கழுவிப் பார்த்தால்
முகம் முழுக்க ஆடியிருக்கிறது.
ஒரு காதுதான் தெரிகிறது.